காசின் கதை – 14: பென்னிக்குள் பூட்டிய செம்பு

போன வாரம் 1943-ல் ஓட்டைக் காலணா பிறந்த கதையைப் பார்த்தோம். செம்பெல்லாம் போருக்குப் போய்விட, மிச்சமிருந்த கொஞ்சத்தில் காசு அடிக்க வழி தேடிய சர்க்கார் காலணாவைச் சிறிதாக்கி, நடுவிலும் ஓட்டை போட்டது. அதே ஆண்டில் அமெரிக்காவுக்கும் அதே பாடுதான். அவர்கள் ஓட்டை போடவில்லை. செம்பையே எடுத்துவிட்டு, துத்தநாகம் பூசிய எஃகில் பென்னி அடித்தார்கள். புதிதில் அது வெள்ளிபோல மின்னியது. பத்து சென்ட் காசு என்று நினைத்து வாங்கி ஏமாந்தவர்கள் உண்டு. கொஞ்ச நாளில் துருவும் ஏறியது. அடுத்த வருடமே, சுட்டு முடித்த தோட்டாக்களின் பித்தளை உறைகளையும் சேர்த்து உருக்கிப் பழைய செம்பு நிறத்துக்குத் திரும்பிவிட்டார்கள்.

இந்த வாரம் அந்தப் பென்னியைப் பற்றித்தான். டாலரில் நூறில் ஒரு பங்கு. கீழே கிடந்தால் குனிந்து எடுக்கக்கூட ஆள் இல்லாத காசு. ஆனால் பழைய பென்னியை மட்டும் பொறுக்கி எடுத்து, வாளி வாளியாக வீட்டில் அடுக்கி வைத்திருப்பவர்கள் அமெரிக்காவில் இன்றும் இருக்கிறார்கள். உள்ளே இருக்கும் செம்புக்காக வைத்திருக்கிறார்கள்.

கணக்கைப் பார்த்துவிடுவோம். 1864 முதல் 1982 வரை, அந்த எஃகு வருடத்தை விட்டுவிட்டால், பென்னியின் எடை 3.11 கிராம். நூறில் 95 பங்கு செம்பு. மீதி துத்தநாகமும் வெள்ளீயமும். 1962-ல் வெள்ளீயத்தையும் நிறுத்திவிட்டார்கள். ஆக, ஒரு காசுக்குள் ஏறக்குறைய 2.95 கிராம் செம்பு. அமெரிக்கச் சந்தையில் செம்புக்குப் பவுண்டுக் கணக்கில்தான் விலை. ஒரு பவுண்டு செம்பு தேற 154 பென்னி வேண்டும். செம்பு பவுண்டு ஒன்றரை டாலருக்குக் கீழே கிடக்கும்வரை பென்னி வெறும் காசு. அதைத் தாண்டிவிட்டால், பென்னியை உருக்குகிறவனுக்கு லாபம். இந்தக் கணக்கு காயலான் கடைக்காரருக்கும் தெரியும், வாஷிங்டனில் கருவூலத்தில் உட்கார்ந்திருப்பவருக்கும் தெரியும். இருவரில் யார் முந்திக்கொள்கிறார்கள் என்பதுதான் பென்னியின் இருநூறு ஆண்டுச் சரித்திரம்.

ஆரம்பத்தில் அரசாங்கம் முந்தியது. 1793-ல் முதன்முதலில் அடித்தபோது அது 13.48 கிராம் செம்பு; கையில் வைத்தால் கனக்கும். இரண்டே வருடத்தில் செம்பு விலை ஏறியது. 1795 கடைசியில் எடையை 10.89 கிராமாகக் குறைத்தார்கள். 1796 ஜனவரியில் ஜார்ஜ் வாஷிங்டனே பிரகடனம் வெளியிட்டு அதை ஊருக்கு அறிவித்தார். ஒரு நாட்டின் முதல் குடியரசுத் தலைவர் சல்லிக்காசின் எடையைப் பற்றிக் கையெழுத்துப் போட்டு அறிவிக்க வேண்டியிருந்தது! 1857-ல் அந்தக் கனத்த காசையும் தாங்க முடியாமல், செம்பும் நிக்கலும் கலந்த சின்னக் காசுக்கு மாறினார்கள்.

1862-ல் வந்த பதுக்கல் வேறு ரகம். அதை உலோகப் பதுக்கலோடு சேர்த்துக் குழப்பிக்கொள்பவர்கள் நிறையப் பேர். உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. வங்கிகள் நோட்டுக்குத் தங்கம் தருவதை 1861 முடிவிலேயே நிறுத்திவிட்டன. அரசாங்கம் அடித்துத் தள்ளிய பச்சை நோட்டின் மேல் ஜனங்களுக்கு நம்பிக்கை இல்லை. முதலில் தங்கம் மறைந்தது, பிறகு வெள்ளி, கடைசியில் ஒரு சென்ட் காசும் மறைந்தது. அந்தச் சென்ட்டை உருக்கினால் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. இருந்தும் காகிதத்தைவிட மேல் என்று சேர்த்தார்கள். இது உலோகத்தின் மேல் வந்த ஆசை கிடையாது, சர்க்காரின் மேல் வந்த அவநம்பிக்கை.

சில்லறை இல்லாமல் நகரங்கள் திண்டாடின. ஜனங்கள் தபால்தலையைக் கொடுத்துப் பொருள் வாங்கினார்கள். வியர்வைக் கையில் பசை ஒட்டிக்கொள்ள, ஜான் கால்ட் என்பவர் தபால்தலையைப் பித்தளை வில்லைக்குள் வைத்து, மேலே மைக்கா மூடிபோட்டு விற்றார்; பின்புறத்தில் விளம்பரம் அச்சடிக்க வியாபாரிகளிடம் தனியாகக் காசு. கடைக்காரர்கள் ஆளுக்கு ஆள் சொந்தமாகச் செம்பு வில்லை அடித்துக்கொண்டார்கள். நியூயார்க்கில் மதுக்கடை வைத்திருந்த குஸ்டாவ் லிண்டன்முல்லர் பத்து லட்சத்துக்கு மேல் வில்லைகளைச் சந்தையில் விட்டார். தாடிக்கார முகம் ஒரு பக்கம், பீர்க் குவளை மறுபக்கம். மூன்றாவது அவென்யூவில் குதிரை டிராம் ஓட்டிய கம்பெனி பயணிகளிடம் அவற்றை வாங்கிச் சேர்த்து, ஒருநாள் மொத்தமாகக் கொண்டுபோய் மாற்றித் தரும்படி கேட்டது. மனிதர் கையை விரித்துவிட்டார். அவரைத் தண்டிக்க அன்று சட்டம் இல்லை.

சட்டம் 1864 ஏப்ரலில் வந்தது. தனியார் காசு அடிப்பது குற்றம். அரசுப் பென்னி இனி மெல்லிய வெண்கலம். பென்சில்வேனியாவில் நிக்கல் சுரங்கம் நடத்திய ஜோசப் வார்ட்டனுக்கு இது பிடிக்கவில்லை. சுரங்கம் இருந்த தொகுதியின் எம்.பி. தாடியஸ் ஸ்டீவன்ஸ் காங்கிரஸில் நிக்கலுக்காக வாதாடினார். எடுபடவில்லை. நாம் முன்பு கணக்குப் போட்ட 3.11 கிராம் பென்னி அன்று பிறந்ததுதான். அந்த எஃகு வருடத்தை விட்டுவிட்டால், அடுத்த நூறு வருடம் அதைப் பற்றி யாரும் கவலைப்படத் தேவையிருக்கவில்லை.

கவலை 1973-ல் ஆரம்பித்தது. உலகச் சந்தையில் செம்பு மாதத்துக்கு மாதம் ஏறியது. அந்த ஆண்டின் முடிவில் நாணயச்சாலையின் இயக்குநர் மேரி புரூக்ஸ் அலுமினியப் பென்னி ஒன்றை முன்வைத்தார். அடுத்த வருடத் தேதி போட்டு, 15 லட்சத்துக்கும் மேற்பட்ட காசுகளை அடித்தும் வைத்துவிட்டார்கள். காங்கிரஸ் உறுப்பினர்களுக்கு மாதிரிக்குச் சில காசுகள் கொடுக்கப்பட்டன. எதிர்ப்பு இரண்டு பக்கத்திலிருந்து வந்தது. காசு போட்டால் சாமான் தரும் இயந்திரக்காரர்கள், இந்த லேசான காசு எங்கள் இயந்திரத்தில் சிக்கிக்கொள்ளும் என்றார்கள். குழந்தை மருத்துவர்கள் சொன்னது இன்னும் கனமான காரணம்: குழந்தை அலுமினியக் காசை விழுங்கிவிட்டால் எக்ஸ்-ரேயில் தெரிவது கஷ்டம். திட்டம் கைவிடப்பட்டது. மாதிரிகளைத் திருப்பிக் கேட்டபோது பத்துப் பன்னிரண்டு காசுகள் வந்து சேரவில்லை. மாண்புமிகு உறுப்பினர்களிடம் போனது போனதுதான்! பின்னாளில் ஒன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குப் போனது. டென்வர் நாணயச்சாலையில் அடித்த ஒன்று 2014-ல் வெளியே தெரியவந்து, வழக்கு நடந்து, 2016-ல் அரசிடமே திரும்பியது. தனியார் கையில் இருந்தால் அது திருட்டுச் சொத்து என்பதுதான் அரசின் நிலை.

இதற்கிடையில், விஷயம் வெளியே கசிந்ததே பெரிய கெடுதலாகப் போயிற்று. அரசாங்கமே செம்பிலிருந்து ஓடப் பார்க்கிறது என்றால் செம்புப் பென்னிக்கு ஏதோ வரப்போகிறது என்று ஜனங்கள் புரிந்துகொண்டார்கள். 1974 வசந்தத்தில் லண்டன் சந்தையில் செம்பு பவுண்டு ஒன்றரை டாலரைத் தொட்டது. ஏப்ரலில் கருவூலம் உத்தரவு போட்டது: பென்னியை உருக்கக் கூடாது, உருக்குவதற்காக வெளிநாட்டுக்கு அனுப்பவும் கூடாது, மீறினால் 10,000 டாலர் வரை அபராதம், 5 வருடம் வரை சிறை.

உத்தரவு உருக்குகிறவனைத் தடுத்தது, சேர்க்கிறவனைத் தடுக்கவில்லை. தடை போடும் அளவுக்கு இதில் பணம் இருக்கிறதா என்று அதுவரை கவனிக்காதவர்களும் கவனிக்க ஆரம்பித்தார்கள். கடைகளில் பென்னி இல்லை. அந்த வருடம் நாணயச்சாலைகள் அடித்துத் தள்ளியது 800 கோடிக்கும் மேல். அன்றைய அமெரிக்க மக்கள்தொகைக்கு ஆளுக்கு நாற்பது காசு வரும். அத்தனையும் எங்கே போயிற்று? உண்டியலிலும் ஊறுகாய் ஜாடியிலும் மேஜை இழுப்பறையிலும். ஒவ்வொரு வீட்டிலும் கொஞ்சம்தான். ஆனால் வீடுகள் எத்தனை கோடி! கருவூலம் கெஞ்ச ஆரம்பித்தது. 25 டாலருக்குப் பென்னியை, அதாவது 2,500 காசுகளை, வங்கியில் கொண்டுவந்து கொடுத்தால் மேரி புரூக்ஸ் கையெழுத்திட்ட நற்சான்றிதழ் தரப்படும் என்று அறிவித்தார்கள். சிறை ஒரு கையில், சான்றிதழ் மறு கையில்.

அவர்களைக் கடைசியில் காப்பாற்றியது உத்தரவும் இல்லை, சான்றிதழும் இல்லை, சந்தை. உலகமெங்கும் மந்தம் வந்து, அந்த வருடம் முடிவதற்குள் செம்பு விலை பாதிக்கும் கீழே விழுந்தது. 1978-ல் தடையைச் சத்தமில்லாமல் நீக்கினார்கள். உருக்க உரிமை கிடைத்த அந்த நேரத்தில் உருக்கினால் நஷ்டம்.

ஆனாலும் கருவூலம் பயந்துவிட்டிருந்தது. 1974 அக்டோபரிலேயே ஒரு சட்டம் வாங்கி வைத்திருந்தார்கள்: பென்னியில் செம்பு எவ்வளவு, துத்தநாகம் எவ்வளவு என்பதைக் கருவூலச் செயலரே மாற்றிக்கொள்ளலாம். 1980-ல் செம்பு மறுபடி தலைதூக்கியதும் அந்தச் சட்டத்தை எடுத்தார்கள். இந்த முறை அலுமினியம் வேண்டாம். உள்ளே துத்தநாகம், மேலே பூச்சுக்கு மட்டும் செம்பு. செம்பு 95-லிருந்து இரண்டரை சதவீதத்துக்கு இறங்கியது, எடை 2.5 கிராம் ஆனது. செம்பு–பித்தளைத் தொழிற்சாலைக்காரர்களின் சங்கம் நீதிமன்றம் போனது; வழக்கு நிற்கவில்லை. புதுக் காசுக்கான வில்லைகளைச் செய்து கொடுத்தது டென்னசியில் இருந்த பால் கார்ப்பரேஷன், வீடுகளில் பழம் பதப்படுத்தும் கண்ணாடி ஜாடிக்குப் பெயர்போன அதே கம்பெனி. ஜாடி மூடிக்காகத் துத்தநாகத்தில் இறங்கியவர்கள்.

1982-ல் மாற்றம் நடந்தது. முகம் மாறவில்லை, நிறம் மாறவில்லை, அளவும் மாறவில்லை. வாங்குகிறவருக்கும் கொடுக்கிறவருக்கும் இரண்டும் ஒன்றுதான். சந்தையில் நல்ல காசும் மட்டக் காசும் ஒரே விலைக்குப் புழங்கினால் நல்லதை எடுத்து உள்ளே வைத்துக்கொண்டு மட்டத்தைத்தான் வெளியே விடுவார்கள். சோழர் காலத்துச் செட்டியாருக்கும் இது தெரிந்திருக்கும். பழைய பென்னியைப் பிரித்தெடுக்கும் வேலை அன்று தொடங்கியது.

அது எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். வங்கியில் பென்னி 50 காசு கொண்ட சுருளாகக் கிடைக்கும். ஐம்பது சுருள் ஒரு பெட்டி. விலை 25 டாலர். பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து மேஜையில் கொட்டி, வருடம் பார்த்துப் பிரிப்பார்கள். 1982-க்கு முந்தியதெல்லாம் ஒரு வாளி. 1982-க்குப் பிந்தியது இன்னொரு வாளி. 1982 மட்டும் தொல்லை, அந்த வருடம் இரண்டு வகையும் அடித்திருக்கிறார்கள். அதற்குத் தராசு வேண்டும், 3.1 காட்டினால் செம்பு, 2.5 காட்டினால் துத்தநாகம். கை பழகியவர்களுக்குத் தராசும் வேண்டாம். மேஜைமேல் போட்டால் செம்புக் காசு கணீரென்று ஒலிக்கும், துத்தநாகம் சொத்தென்று விழும். பிரித்து முடித்த துத்தநாகக் காசை வாங்கின வங்கியிலேயே திருப்பிக் கட்ட மாட்டார்கள். கட்டினால் அடுத்த தடவை அதே பெட்டி தங்களிடமே வரும். அதற்கென்று ஊரின் மறுகோடியில் வேறொரு வங்கியில் கணக்கு வைத்திருப்பார்கள். ஆள் உட்கார்ந்து பிரிப்பது போதாதென்று, பிரித்துக் கொடுக்கும் சிறு இயந்திரங்களும் விற்பனைக்கு வந்தன.

இத்தனை வருட மெனக்கெடலுக்குப் பின்னால் ஒரு முன்னுதாரணம் இருக்கிறது. 1965-ல் அமெரிக்கா பத்து சென்ட், கால் டாலர் காசுகளிலிருந்து வெள்ளியை நீக்கியது. 1967-ல் வெள்ளிக்காசை உருக்கத் தடை வந்தது. 1969-ல் தடை விலகியது. 1980 ஜனவரியில் வெள்ளி அவுன்ஸ் 50 டாலரை நெருங்கியபோது, பழைய கால் டாலரை ஜாடியில் வைத்திருந்தவர்கள் முகமதிப்பைப்போல முப்பது மடங்குக்கு மேல் பார்த்தார்கள். செம்புக்கும் அந்த நாள் வரும் என்பதுதான் பென்னி சேர்க்கிறவர்களின் நம்பிக்கை.

2006-ல் அந்த நாள் வந்துவிட்டதுபோலத் தோன்றியது. சீனாவின் கட்டுமானப் பசியில் செம்பு பவுண்டு 4 டாலரை எட்டிப் பார்த்தது. ஐந்து சென்ட் நிக்கல் காசும் முக்கால் பங்கு செம்புதான். அதன் உலோகமும் முகமதிப்பைத் தாண்டியது. புது துத்தநாகப் பென்னியை அடிக்கவே ஒன்றே முக்கால் சென்ட் ஆயிற்று. 2006 டிசம்பர் 14 அன்று நாணயச்சாலை இயக்குநர் எட்மண்ட் மாய் காலத்தில் தடை மறுபடி வந்தது. பென்னி, நிக்கல் இரண்டையும் உருக்கக் கூடாது. அதே 10,000 டாலர், அதே 5 வருடம். 2007 ஏப்ரலில் அது நிரந்தர விதியானது. நினைவுப் பொருளாக நசுக்கிக் கொடுப்பதற்கும் நகை செய்வதற்கும் மட்டும் விலக்கு. டெக்சாஸ் முதலீட்டாளர் கைல் பாஸ் 2 கோடி நிக்கல் காசுகளை வாங்கிக் குவித்ததாக மைக்கேல் லூயிஸ் தன் புத்தகத்தில் எழுதியதும் சின்ன ஆட்களுக்குப் புதுத் தெம்பு வந்தது. 2011 பிப்ரவரியில் செம்பு டன் 10,000 டாலரைத் தாண்டியது. பழைய பென்னிக்குள் மூன்று சென்ட் செம்பு. உருக்கத்தான் வழியில்லை.

எனக்கு இந்தப் பதுக்கலின் மேல் பெரிய மரியாதை இல்லை. காரணத்தைக் கணக்காகவே சொல்கிறேன். ஒருவர் 1982-ல் ஆயிரம் டாலருக்குச் செம்புப் பென்னி எடுத்து வைத்தார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு லட்சம் காசு, 311 கிலோ. மாடியில் வைத்தால் தளம் தாங்குமா என்று யோசிக்க வேண்டும். வட்டி கிடையாது. டன் 10,000 டாலர் விலையில் உள்ளே இருக்கும் செம்புக்கு 2,950 டாலர். மூன்று மடங்கு என்று கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அந்த நாற்பது சொச்சம் வருடத்தில் அமெரிக்க விலைவாசியே மூன்று மடங்குக்கு மேல் ஏறியிருக்கிறது. நாளைக்கே தடை நீங்கி, உலோகத்துக்கு முழு விலையும் கிடைத்தாலும் அவர் போட்ட இடத்தில்தான் நிற்கிறார். முழு விலையும் கிடைக்காது. ஐந்து சதவீதம் துத்தநாகம் கலந்த உலோகத்துக்குக் காயலான் கடையில் சுத்தச் செம்பின் விலை தர மாட்டார்கள். ஏற்றுகூலி, உருக்குகூலி வேறு. இன்று தங்களுக்குள் வாங்கி விற்றுக்கொள்கிறவர்களும் முகமதிப்புக்கு மேல், செம்பின் விலைக்குக் கீழ் என்றுதான் பேரம் படிக்கிறார்கள். வெள்ளிக்காரர்களுக்கு நடந்தது இவர்களுக்கு நடக்காது. வெள்ளி சிறு ஜாடியில் அடங்கியது, அந்தத் தடையும் இரண்டே வருடத்தில் போய்விட்டது. செம்பில் பணம் போட வேண்டுமென்றால் செம்பில் போடலாம். பென்னியில் போடுகிறவர் வாஷிங்டனில் யாரோ ஒருவர் ஒரு விதியை நீக்கப்போகிறார் என்பதன் மேல்தான் பந்தயம் கட்டுகிறார். ஒன்று மட்டும் அவருக்குச் சாதகம். என்ன ஆனாலும் ஒரு பென்னி ஒரு சென்ட்டுக்குக் கீழே போகாது.

பக்கத்து நாடான கனடா என்ன செய்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2012 மே மாதம் வின்னிபெக்கில் கடைசிச் சென்ட்டை அடித்தார்கள். 2013 பிப்ரவரியில் விநியோகத்தை நிறுத்தி, திரும்பி வந்த காசுகளை உருக்கி உலோகமாக விற்றார்கள். விற்றது அரசாங்கம். அங்கேயும் குடிமகன் உருக்கினால் குற்றம்தான்.

அமெரிக்காவும் அந்த வழிக்கு வந்துவிட்டது. 2024 நிதியாண்டில் ஒரு பென்னி அடிக்க 3.69 சென்ட் செலவானது. 2025 பிப்ரவரியில் டிரம்ப் நிறுத்தச் சொன்னார். நவம்பர் 12 அன்று ஃபிலடெல்ஃபியாவில், 232 வருடங்களுக்கு முன் தொடங்கிய அதே ஊரில், புழக்கத்துக்கான கடைசிப் பென்னி அச்சிலிருந்து விழுந்தது. பழைய பென்னிகள் இன்னும் செல்லும். ஏறக்குறைய 30,000 கோடிக் காசு வெளியே கிடப்பதாகக் கருவூலமே சொல்கிறது. உற்பத்தி நின்றதால் மட்டும் 2006-ன் தடை தானாக விலகிவிடவில்லை. அதை நீக்க வேறு உத்தரவு வேண்டும்.

அமெரிக்காவில் பிள்ளைகளைப் பார்க்கப் போய்த் திரும்பும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. சட்டைப்பையில் சில்லறையாக 5 டாலர் வரை பென்னி, நிக்கல் கொண்டுவரலாம். சேகரிப்புக்கு என்றால் 25 டாலர் வரை விடுவார்கள். அதற்கு மேல் பெட்டியில் கட்டாதீர்கள். 25 டாலருக்குப் பழைய பென்னியே ஏழே முக்கால் கிலோ வரும். விமானக் கம்பெனிக்குக் கட்டும் கூடுதல் எடைக் கட்டணம் செம்பின் விலையைத் தின்றுவிடும்.

(தொடரும்)